தளவாய் வீட்டு வெட்டு

கரையடியூர்,
ஆத்தூர் வழி.
9.7.1978

அன்புள்ள ஆக்னஸ் அக்காவுக்கு, ஆத்தூர் சந்தையில் உங்கள் கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த சந்தனமாரி எழுதிக்கொள்வது.

கடிதம் என்றால் எல்லாரும் சௌக்கியமா என்று முதலில் கேட்க வேண்டும். உங்களிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பிள்ளை மரியசெல்வி போய் எட்டு மாதம் ஆகிறது. நீங்களும் ரோச் அண்ணனும் கடற்கரைக் குடியிருப்பை விட்டுக் கொச்சிக்குப் போனது கூட எனக்கு மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும். பெரியதாழையிலிருந்து உங்கள் அம்மா சந்தைக்கு வந்திருந்தார்கள். விலாசம் கேட்டேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். கொடுத்தார்களே, அதுவே பெரிது.

இங்கே பேச்சி மூன்றாம் வகுப்பு போகிறாள். மழை தூறினால் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொள்கிறாள். அடித்தும் பார்த்தேன், கொஞ்சியும் பார்த்தேன், நடக்கவில்லை. கொடிக்கால் இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது. வெற்றிலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். எங்கள் ஊரில் ஒரு சுவர் கூட விழவில்லை அக்கா. அதை உங்களுக்கு எழுதும்போது கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் மட்டும் உங்களுக்குத் தெரியாமலா போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் குளத்துக் கரையை உடைத்த கேஸ் தூத்துக்குடி கோர்ட்டில் நடக்கிறது. தளவாயும் பெயர் தெரியாத பலரும் என்று எழுதியிருக்கிறார்கள். பெயர் தெரிந்தது என் வீட்டுக்காரர், நீங்கள் தம்பி என்று கூப்பிடுகிறவர், ஒருவர்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் வாய்தாவில் முதல் எதிரி தளவாய், முதல் எதிரி தளவாய் என்று டவாலி கத்தியபோது, இந்த மனிதர் யாருக்கு எதிரி என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வீட்டில் தேள் வந்தால் கூட முறத்தில் எடுத்துக் கொண்டுபோய் வெளியே விடுகிறவர். உங்களுக்கே தெரியும்.

நானூற்று முப்பத்திரண்டாம் பிரிவாம். தண்ணீரைத் திருப்பி வெள்ளம் உண்டாக்கி நாசம் செய்கிற குற்றம். ஐந்து வருஷம் வரை போடலாமாம். மில்லர்புரத்தில் தேவபிரசாதம் என்று ஒரு வக்கீல். நல்ல மனிதர். என்னை எதிரே உட்கார வைத்து, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். சட்டம் இரண்டே கேள்விதான் கேட்கும். ஒன்று, கரையை உடைத்ததில் இவருக்குப் பங்கு உண்டா. இரண்டு, உடைத்தால் அடுத்தவருக்கு நாசம் வரும் என்று தெரிந்திருந்ததா. எங்கள் ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மழையில் கரை தானாக உடைந்தது என்று முந்நூறு வீடும் ஒரே மாதிரி சொல்லும். சுடலைமாடன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறோம். அப்படியானால் மிச்சம் இருக்கிற சாட்சி ரோச் அண்ணன் ஒருவர்தான்.

அன்றைக்கு மத்தியானம் இவர் உங்கள் குடியிருப்புக்கு மூன்று மைல் ஓடி வந்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "குளத்தை வெட்டப் போறோம்ணே, ஆளுகளைக் கிளப்புங்க" என்று சொன்னாரே, அந்தச் சொல்தான் கயிறு என்கிறார் வக்கீல். வெட்டப் போகிறோம் என்று சொன்னதால் பங்கு உண்டு. ஓடி வந்து தப்பிக்கச் சொன்னதால் நாசம் வரும் என்று தெரியும். வீட்டில் பேசாமல் படுத்துக் கிடந்திருந்தால் இவர் மேல் கேஸே வந்திருக்காது என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணனுக்குக் கொச்சி விலாசத்துக்குச் சம்மன் வந்திருக்கும். வேதப் புத்தகத்தில் கை வைத்த பிறகு அவர் ஒரு சொல்லைக் கூட மாற்ற மாட்டார். அதனால்தான் கேட்கிறேன். அவரை அனுப்பாதீர்கள் அக்கா. லாஞ்சில் வேலை, லீவு கிடைக்கவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று எதையாவது எழுதிப் போடச் சொல்லுங்கள். சாட்சி வரவில்லை என்றால் கேஸ் நிற்காது. ஜாமீனில் இருக்கிற இவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் இதைக் கேட்கிறாளே என்று நினைப்பீர்கள். நினைத்தால் தப்பில்லை. வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேச்சை விட்டுவிடுவார். ரோச் அண்ணன் வரட்டும், நான் போய்ச் சொன்னேன் என்று ஒருத்தராவது சொல்லட்டும் என்றுதான் அவர் காத்துக்கிடக்கிறார். ஜெயிலுக்குப் போக இப்படி ஆசைப்படுகிற மனிதரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
தங்கை சந்தனமாரி.


கரையடியூர்,
6.8.1978

அன்புள்ள ஆக்னஸ் அக்காவுக்கு,

உங்கள் கார்டு வந்தது. திட்டி எழுதுவீர்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணன் கோயிலுக்குப் போவதே இல்லை, அங்கே மணி அடித்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இவரிடம் அதைப் படித்துக் காட்டவில்லை. மணியை அடிங்கண்ணே என்று அன்றைக்குச் சொன்னது இவர்தானே. வெள்ளாமைக்காரனுக்கு மணி என்றால் ஆள் கூட்டுகிற மணி. அறுபத்துநாலு புயலுக்குப் பிறகு உங்கள் குடியிருப்பில் விடாமல் மணி அடித்தால் கடல் ஏறுகிறது என்று அர்த்தம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே தேரிமேட்டுக்கு ஓட வேண்டும் என்பது இவருக்கு எப்படித் தெரியும். அண்ணனுக்குத் தெரியும். ஆனால் கயிற்றைப் பிடித்து இழுக்கிற அவசரத்தில் தண்ணீர் இந்தத் தடவை மேற்கேயிருந்து வருகிறது என்பதைக் கை மறந்துவிட்டது. கடலைப் பார்த்தே வாழ்ந்த கை அது. குடியிருப்பே குளத்துத் தண்ணீருக்கு எதிரே ஓடியது. வழியிலிருந்த ஓடைக்குள் இறங்கிய நான்கு பேர் ஏறவில்லை. அதில் உங்கள் பிள்ளையும் ஒன்று.

இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் எழுதாமல் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். தளவாய் கரையை வெட்டிவிட்டு வந்து சொன்னானா, வெட்டுவதற்கு முன்னால் வந்து சொன்னானா, அதை மட்டும் எழுது, நான் இவரை அனுப்பாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று. முன்னால்தான் வந்தார். அவர் அந்தக் கரையில் மம்பட்டி வைக்கவே இல்லை. சுடலைமாடன் மேல் ஆணை. இதோடு நிறுத்தினால் எனக்கு வேண்டியது கிடைத்துவிடும். மூன்று நாளாக இந்த இடம் வரைக்கும் எழுதி எழுதி நிறுத்திப் பார்த்தேன். எழுதியதையெல்லாம் கிழித்து அடுப்பில் போட்டேன்.

நடந்தது இதுதான். அன்றைக்குப் பகல் ஒரு மணிக்கு ஊர் முழுவதும் கரையில் நின்றது. தண்ணீர் கரைக்கு ஒரு சாண் கீழே. மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மறுகாலில் இரண்டு பெரிய மரம் வந்து அடைத்துக்கொண்டது, எடுக்க முடியவில்லை. ரோட்டுப் பாலம் முங்கிவிட்டதால் வெளியே இருந்து யாரும் வர வழியில்லை. வடக்குப் பக்கம் கரையில் கசிவு கண்டது. அங்கே உடைந்தால் எங்கள் தெரு ஒன்று கூட மிஞ்சாது. கிழக்கே வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடை வழியாகக் கடலுக்குப் போகும். போகிற வழியில் உங்கள் குடியிருப்பு இருக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும். கடல்காரங்களுக்குத் தண்ணி என்னலே செய்யும், அவங்ககிட்ட வள்ளம் கெடக்கு என்று ஒருவர் சொன்னார். நாலைந்து பேர் சிரித்தார்கள் அக்கா. அந்த மழையிலும் சிரித்தார்கள்.

இவர்தான் மறித்தார். ஒரு மணி நேரம் குடுங்க, நான் போய்ச் சொல்லிட்டு வாரேன் என்று கெஞ்சினார். நாட்டாமை சங்கரபாண்டியன் சரி என்றார். போயிட்டு வா, நீ வந்தப்புறம்தான் மம்பட்டி விழும் என்று வாக்குக் கொடுத்தார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் சேர்ந்து கரையை வெட்டினால் வீட்டுக்கு ஒரு வெட்டு. நாளைக்குக் கேள்வி வந்தால் இவன்தான் வெட்டினான் என்று ஒருவனைக் கை காட்ட முடியாது. வீட்டில் ஆண் இல்லை என்றால் பெண் வெட்ட வேண்டும். வெட்டாத வீட்டுக்கு அடுத்த பூச் சாகுபடிக்குத் தண்ணீர் முறை கிடையாது. இவர் போய் அரை மணி ஆகியிருக்கும். கசிவு பெருத்துவிட்டது. நாட்டாமை வாக்கை விழுங்கிவிட்டு வீடு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக வந்து ஒரு வெட்டு வெட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். தளவாய் வீடு என்று கூப்பிட்டார்.

நான் போனேன்.

அவர் இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் புருஷனே அங்கேதான் நிற்கிறார் என்று கத்தியிருக்கலாம். ஒருவேளை கேட்டிருப்பார்கள், ஒருவேளை என்னைத் தள்ளிவிட்டு வெட்டியிருப்பார்கள். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, நான் சொல்லவில்லை என்பது மட்டும்தான். பேச்சி கரைக்குக் கீழே வீட்டுக்குள் இருந்தாள். அதை மட்டும்தான் நினைத்தேன். மரியசெல்வியை நினைக்கவே இல்லை. முந்தின சந்தையில்தான் அவள் என் கூடையிலிருந்து கொழுந்து வெற்றிலை ஒன்றை எடுத்து மென்று, வாய் சிவந்துவிட்டதா சித்தி என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். மம்பட்டியை ஓங்கும்போது அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வரவில்லை அக்கா. மண் ஈரமாக இருந்ததால் சுலபமாக இறங்கியது. எனக்குப் பிறகு இருபது வீடு கூட வெட்டவில்லை, தண்ணீரே மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

இது இவருக்குத் தெரியாது. தான் கரையில் இல்லாததால் நம் வீட்டு வெட்டு விழவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஏளா, ஊர் வெட்டுனதுல நம்ம வீட்டு வெட்டு மட்டும் இல்ல, அது ஒண்ணு போதும் எனக்கு என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லுவார். நான் குழம்பை ஊற்றுவேன். ஊராரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவர்களுக்கு இரக்கம் உண்டு, அல்லது என் வாயைக் கட்ட அது ஒரு கயிறு. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். எனக்கு இரண்டுமே வாய்க்கவில்லை.

போன கடிதத்தில் அண்ணனை அனுப்பாதீர்கள் என்று கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அவர் வரட்டும். வந்து நடந்ததைச் சொல்லட்டும். இந்தக் கடிதத்தையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். தளவாய் வீட்டு வெட்டு யார் கையால் விழுந்தது, அந்த நேரத்தில் தளவாய் எங்கே நின்றார் என்று ஜட்ஜ் படித்துக்கொள்ளட்டும். நானே கூண்டில் ஏறிச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். பயமாக இருக்கிறது அக்கா. கோயில் சத்தியத்துக்கு மட்டும் இல்லை. நான் உள்ளே போனால் பேச்சிக்கு யார் இருக்கிறார்கள். உங்கள் கையால் வந்தால் ஏற்றுக்கொள்வேன். உங்கள் கையால் வருவதுதான் நியாயம்.

இப்படிக்கு,
கரையடியூர் தளவாய் மனைவி சந்தனமாரி.
முழுப் பெயரும் வேண்டுமென்றே எழுதியிருக்கிறேன்.


கரையடியூர்,
1.10.1978

அன்புள்ள ஆக்னஸ் அக்காவுக்கு,

ரோச் அண்ணன் வந்து போனதை அவரே சொல்லியிருப்பார். சொல்லியிருக்க மாட்டார் என்றும் தோன்றுகிறது. அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அண்ணன் மெலிந்துவிட்டார். சட்டை ஆணியில் மாட்டியது போல் இருந்தது. கூண்டில் ஏறி, தளவாய் வந்ததையும் சொன்னதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அரசு வக்கீல் போதும் என்று உட்கார்ந்துவிட்டார். அண்ணன் இறங்கவில்லை. மணியை அடிச்சது நான்தான்யா என்றார். பிள்ளைக மேக்க ஓடுனது என் மணிக்குத்தான், தளவாய்க்கு ஒரு பிரிவு இருக்குல்லா, மணி அடிச்சவனுக்கு என்ன பிரிவு என்று ஜட்ஜைப் பார்த்துக் கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார் ஜட்ஜ். அண்ணன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். போலீஸ்காரர் தோளைத் தொட்டு இறக்கிவிட வேண்டியிருந்தது. எதிரிக் கூண்டில் இவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். கல்யாணமான நாள் முதல் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வக்கீல் சொன்னது சொன்னபடி நடந்தது. நாசம் வரும் என்று எதிரிக்கு முன்கூட்டியே தெரியும் என்பதற்கு அவர் ஓடிப்போய்ச் சொன்னதே சான்று என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. எச்சரித்ததைக் கருதித் தண்டனையைக் குறைத்திருக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறது. இரண்டு வருஷம் கடுங்காவல். ஐந்து போட வேண்டியதை இரண்டாக்கினார்களே என்று நாட்டாமை எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார். வாசலோடு அனுப்பிவிட்டேன்.

சாட்சி முடிந்த அன்று கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து என் கையில் வைத்தார். "ஆக்னஸ் படிச்சுக் காட்டுனா. இதைக் கோர்ட்டுல குடுக்கப்படாதுன்னுட்டா. பேச்சிக்கு அம்மா வேணுமாம்" என்றார். அவ்வளவுதான். பஸ் நிற்கிற பக்கம் நடந்துவிட்டார். நான் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை இல்லாமல் ஆன நீங்கள் என் பிள்ளைக்கு அம்மா வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்.

தீர்ப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கடிதம் என் கையில் இருந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஒரு நாள் மில்லர்புரம் வரைக்கும் போய், வக்கீல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் கொடுத்த அனுமதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவரைவிட என் பிள்ளைதான் பெரிதாகப் போய்விட்டது. கரையில் நின்றபோதும் அப்படித்தான். நான் மாறவே இல்லை அக்கா.

போன திங்கள்கிழமை பாளையங்கோட்டை ஜெயிலில் மனுப் போட்டு அவரைப் பார்த்தேன். தலையை ஒட்ட வெட்டிவிட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேச்சியைக் கேட்டார், கொடிக்காலைக் கேட்டார். சாப்பாடு எப்படி என்றேன், உன் சமையலுக்கு எவ்வளவோ மேல் என்று கேலி செய்தார். பிறகு, ரோச் அண்ணன் உண்மையைச் சொல்லிட்டாருளா, இனி எவனும் தளவாய் சொல்லாம விட்டான்னு பேச முடியாது என்றார். நேரம் முடிந்து வார்டர் கூப்பிடும்போது, நம்ம வீட்டு வெட்டு அதுல இல்லளா, அந்த நெனைப்புலதான் இங்கன தூக்கமே வருது என்றார்.

ஆமா என்றேன்.

அந்த நினைப்பையும் எடுத்துவிட்டால் அவருக்கு அங்கே என்ன இருக்கிறது. அதனால் சொன்னேன். அதனால்தானா என்று கேட்டால், அதுவும் எனக்குத் தெரியவில்லை.

விடுதலையானதும் வீட்டுக்குக் கூட வராமல் நேரே கொச்சிக்கு வந்து உங்கள் இருவர் முகத்தையும் பார்க்க வேண்டுமாம். என்னையும் பேச்சியையும் ரயில் ஸ்டேஷனுக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறார். எந்தச் சாமி கும்பிட்டாலும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன். நான் கும்பிட்டுப் பலிக்குமோ என்னவோ, உங்கள் மாதா உங்களையும் அண்ணனையும் கைவிடாமல் இருக்கட்டும்.

அன்றைக்கு அவர் உங்கள் வாசலுக்கு வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள் அக்கா. பேச்சியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் தெருவில் நின்றுகொள்கிறேன். சந்தனமாரி ஏன் உள்ளே வரவில்லை என்று அவர் கேட்பார். என்னால் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சந்தனமாரி.